தவளத்திலிருந்து பெயர்ப்பலகை வரை: எங்கள் சிறு வியாபாரிகள் விற்ற விதம்

இலங்கை முஸ்லிம்களைப் பற்றி யார் எழுதினாலும் முதலாம் பந்தியிலேயே 'வியாபாரச் சமூகம்' என்ற சொல் வந்து நின்றுவிடும். கிழக்கில் வயல் செய்கிறவர்களும், கடலுக்குப் போகிறவர்களும், தறியில் குந்தியிருக்கிறவர்களும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் வியாபாரிகள் எப்போது வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள், எந்த அரசன் இடங்கொடுத்தான், எந்த ஆட்சி விரட்டியது என்பதெல்லாம் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் எப்படி விற்றார்கள் என்பதுதான் அதிகம் எழுதப்படவில்லை. பொருளை யாரிடம் கொண்டுபோனார்கள், அந்த ஆள் ஏன் அவர்களிடம் வாங்கினார், மறுமுறையும் ஏன் வாங்கினார் என்ற கேள்விகள் வரலாற்றுக்கு வெளியே கிடக்கின்றன.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். பக்கத்து வகுப்பில் வணிகக் கல்விப் பாடம் நடக்கும்போது 'சந்தைப்படுத்தல் கலவை' என்று பிள்ளைகள் பாடமாக்குவது காதில் விழும்: பொருள், விலை, இடம், மேம்படுத்தல். 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் பாடநூலில் வகுத்துக் கொடுத்த நான்கு அவை. அந்தப் பிள்ளைகளிற் பலர் படிப்பு முடிந்ததும் சின்னதாக ஒரு கடை போடுகிறார்கள், அல்லது முகநூலில் அபாயாவும் கைப்பேசி உறையும் விற்கிறார்கள். ஆறுமாதம் கழித்துச் சந்தித்தால், "விளம்பரத்துக்கு எவ்வளவு காசு போட்டன் சேர், லைக் வருது, ஆள் வாறதில்ல" என்கிறார்கள். இவர்களுக்குச் சொல்ல எங்கட வரலாற்றிலேயே ஏதாவது இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன்.

தேடியபோது கையில் அகப்பட்டது ஒரு பழைய சொல்: வாடிக்கை. தமிழில் இந்தச் சொல்லுக்கு வழக்கம் என்றும் பொருள். வழக்கமாக வாங்குகிற உறவு என்றும் பொருள். வந்து வாங்கிப் போகிறவர் எல்லாரும் வாடிக்கையாளர் ஆகமாட்டார். வழக்கமாக வருகிறவரே வாடிக்கையாளர். வாங்கியவர் திரும்பி வருவாரா என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே எங்கள் முன்னோர் விற்கும் வழியைத் தெரிந்தெடுத்தார்கள் என்பது என் எண்ணம். அந்த விடையைச் சரியாகக் கணித்த இடத்தில் நிலைத்தார்கள். வாடிக்கை அறுந்த இடத்தில், பொருள் நல்லதாக இருந்தும் இழந்தார்கள்.

ஆளைத் தேடிப் போன வியாபாரம்

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதும், கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடங்கொடுத்து நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதும் நாம் அறிந்த செய்தி. கண்டி இராச்சியத்துக்குள் சென்றவர்களும் பலர். அங்கே அவர்கள் கையில் கிடைத்த தொழில்களுள் முக்கியமானது தவளம். மாட்டின் முதுகில் இருபக்கமும் பொதியை ஏற்றி, வரிசையாக நடத்திக்கொண்டு போகும் பொதிமாட்டு வியாபாரம் அது. அரசின் போக்குவரத்துக் கடமையைப் பார்த்த 'மடிகே' என்ற பிரிவின் கீழ் முஸ்லிம்கள் வைக்கப்பட்டார்கள். குருநாகல் மாவட்டத்தில் மடிகே மிதியால என்ற முஸ்லிம் ஊர் இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. இந்தத் தொடர்புகளை லோர்னா தேவராஜா 1994இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

மலைநாட்டில் உப்பு விளையாது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் உப்பும் கருவாடும் கண்டிக்காரருக்கு எவ்வளவு பெறுமதியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தவளக்காரர் உப்பு, கருவாடு, புடவை கொண்டு மேலே ஏறினார்கள். பாக்கும் மிளகும் கொண்டு கீழே இறங்கினார்கள். மாடு எந்தப் பக்கம் போனாலும் வெறும் முதுகோடு போகவில்லை.

இதிலுள்ள உள்வேலையைக் கவனிக்க வேண்டும். தவளக்காரர் கிராமத்தவருக்கு விற்கிறவர்; அதே நேரம் கிராமத்தவரின் விளைச்சலை வாங்குகிறவரும் அவரே. உப்பு கொடுத்த வீட்டில்தான் பாக்கு எடுக்கிறார். பாக்கு விழும் காலம் அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் எப்போது கையிருப்பு வற்றும் என்பதும் தெரியும். இப்படி இரண்டு பக்கமும் தேவை இருந்தபடியால் கூவி விற்க வேண்டிய அவசியமில்லை. மணிச்சத்தம் கேட்டாலே போதும்.

உள்நாட்டு வியாபாரம் எப்படி நடந்தது என்று எங்கள் தவளக்காரர் யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் அந்தக் கிராமங்களில் பொட்டணி சுமந்த ஒருவர் எழுதியிருக்கிறார். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ்தான் அவர். 1681இல் அச்சான அவருடைய நூலை அரசியல் வரலாற்றுக்காகவே படிக்கிறோம். ஒரு சிறு வியாபாரியின் அனுபவமாகவும் அதைப் படிக்கலாம்.

நொக்ஸ் முதலில் தொப்பி பின்னி விற்றார். நல்ல வருமானம். அதைக் கண்ட மற்றக் கைதிகளும் தொப்பி பின்னத் தொடங்கினார்கள். தொப்பி பெருகியது, விலை விழுந்தது, தொழில் செத்தது. அடுத்து அவர் நெல்லை ஐம்பது வீத வட்டிக்குக் கொடுத்தார். அது எங்களுக்கு ஆகுமான வழியல்ல. அவருக்கும் அறவிடுவது தலையிடியாகத்தான் இருந்தது. கடைசியில் தோழர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் என்று கட்டிக்கொண்டு வடக்குப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனார். அந்த மக்களிடம் எது இல்லையோ அதை அறிந்து கொண்டுபோனார். பொட்டணிக்காரனை யாரும் சந்தேகிக்கவில்லை. அந்த வேடத்திலேயே வழிகளைப் படித்து, 1679இல் அநுராதபுரத்தைக் கடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார்.

முகநூலில் ஒருவன் அபாயா விற்று இலாபம் கண்டதும் அதே தெருவில் பத்துப்பேர் அபாயா விற்கத் தொடங்குகிறார்கள் அல்லவா? நொக்ஸின் தொப்பிக் கதை அதுதான். முந்நூறு வருடத்துக்கு மேல் போயும் மாறவில்லை.

திரும்பி வராத வாடிக்கை

இனிக் கரையோரத்துக்கு வருவோம். தவளத்துக்கு நேர் எதிரான வியாபாரம் அங்கே நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றுவதற்குக் காலித் துறைமுகத்துக்கு வந்தன. ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே போகிற பயணிகள் சில மணித்தியாலம், மிஞ்சினால் ஓரிரு நாள் காலியில் நிற்பார்கள். மாணிக்கக் கல், ஆமையோட்டுச் சீப்பு, ரேந்தை என்று எடுத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் படகில் போய்க் கப்பலிலேயே ஏறினார்கள்.

இங்கே வாங்குகிறவர் திரும்பி வரமாட்டார். இது வியாபாரி, பயணி இருவருக்கும் தெரியும். எனவே வியாபாரி பத்து மடங்கு விலை சொல்வார். பயணி பத்தில் ஒன்றுக்குக் கேட்பார். கண்ணாடித் துண்டை நீலக்கல் என்று விற்றவர்களும் உண்டு. அக்காலப் பயணக்குறிப்புகளில் காலி வியாபாரிகளைப் பற்றிக் கேலியும் எச்சரிக்கையும் நிறையவே கிடைக்கின்றன. சிலர் செய்த ஏமாற்று நல்ல கல் வைத்திருந்தவரின் விலையையும் இறக்கியது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, ஈரமானதை ஏன் மேலே வைக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் சந்தையில் கேட்ட கேள்வியை அந்தப் படகுகளில் இருந்தவர்கள் கேள்விப்படாதவர்கள் அல்லர். திரும்பி வராத ஆள் என்ற நினைப்பு மனிசனை என்ன செய்யும் என்பதற்கு இதுவொரு சாட்சி.

ஆனால் அதே சூழலில் வேறுவிதமாக யோசித்தவர்களும் இருந்தார்கள். பயணிக்கு நீலக்கல் வாங்க ஆசை. கையில் காசும் உண்டு. அவரிடம் இல்லாதது நம்பிக்கை ஒன்றுதான். வியாபாரியை முன்பின் தெரியாது, விசாரிக்க நேரமும் இல்லை. அப்படியென்றால் அவர் ஏற்கெனவே நம்புகிற ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும். 1860இல் காலியில் தொடங்கிய ஓ. எல். எம். மாக்கான் மாக்கார் நிறுவனம் இந்த வழியில் வளர்ந்தது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்பு அலைதடுப்புக்கு அடிக்கல் வைக்கப்பட்டு 1885இல் வேலை முடிந்தது. கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்குத் திரும்பின. கப்பலோடு வியாபாரமும் இடம்பெயர்ந்தது. இறங்குதுறைக்கு முன்னாலேயே நின்ற கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் மாக்கான் மாக்கார் கடை திறந்ததை வெறும் 'நல்ல இடம்' என்று சொல்லிவிட முடியாது. அந்த ஹோட்டலின் பெயரை நம்பி இறங்கிய பயணி, அதன் கூரைக்குக் கீழே இருந்த கடையையும் நம்பினார். வாடிக்கை உண்டாக வழியில்லாத இடத்தில் வியாபாரி நம்பிக்கையை இன்னொருவரிடம் கடன் வாங்கினார் என்று இதைச் சொல்லலாம்.

இந்தத் துறையில் வந்த செல்வத்தில் ஒரு பங்கு கல்விக்கும் போயிருக்கிறது. மாணிக்க வணிகர் என். டி. எச். அப்துல் கபூர் ஹாஜியார் 1931இல் மகரகமையில் நிறுவிய கபூரியா அரபுக் கல்லூரியை இதைப் படிக்கிறவர்களில் அறியாதவர் குறைவு.

றோட்டும் கடையும் 1915உம்

தவளத்தை ஒழித்தது எந்தச் சட்டமுமல்ல, றோட்டுத்தான். ஆங்கிலேயர் மலைநாட்டுக்கு வண்டிப் பாதை போட்டார்கள். 1867இல் கண்டிக்கு ரயிலும் போனது. மாட்டுப் பொதியில் ஏறிய உப்பு வண்டியிலும் ரயிலிலும் ஏறியது. அதுவரை ஆளைத் தேடிப்போன வியாபாரி சந்தியில் கடை வைத்து, ஆள் வரும்வரை இருக்கத் தொடங்கினார். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் வீடும் காணியும் வாங்குவதற்கு ஒல்லாந்தர் காலத்தில் இருந்த தடை 1832இல் நீங்கியிருந்தபடியால் மொத்த வியாபாரமும் அங்கே வேர்விட்டது.

இந்தக் காலத்தில் தென்னிந்தியாவின் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து வந்த கரையோரச் சோனகர் சில்லறைக் கடைகளில் முன்னணிக்கு வந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கடையிலேயே சமைத்து, கடையிலேயே படுத்தவர்கள். செலவு குறைவு, ஆகவே குறைந்த இலாபத்தில் விற்க முடிந்தது. குறைந்த விலை, நீண்ட நேரம் திறந்திருக்கும் கடை, தேவைப்பட்டால் கடன் என்பதே அவர்களின் வழி. பாடப்புத்தகக் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு பிழையுமில்லை.

1914இல் உலக யுத்தம் தொடங்கியது. இறக்குமதிப் பொருள் விலை ஏறியது, கடன் சுருங்கியது. விலைக்காகவே கடையைத் தேடி வந்தவர்கள் விலை ஏறியதும் கடைக்காரரைக் குற்றவாளியாகப் பார்த்தார்கள். முஸ்லிம் வியாபாரிகளுக்கு எதிரான பிரசாரம் அதற்கு முன்பே பத்திரிகைகளில் நடந்துகொண்டிருந்தது. கம்பளைப் பள்ளிவாசலைக் கடந்து இசையோடு பெரஹர போவது பற்றிய வழக்கும் புகைந்துகொண்டிருந்தது. 1915 மே 28 இரவு, வெசாக் நாளில், கண்டியில் பற்றிய நெருப்பு சில நாள்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. சூறையாடியவர்கள் கரையோரச் சோனகர் கடை, இலங்கைச் சோனகர் கடை என்று பிரித்துப் பார்க்கவில்லை.

விற்ற விதம் பிழை, அதனால்தான் அடிபட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். கொள்ளைக்குக் கொள்ளைக்காரனே பொறுப்பு. அதன் அரசியல் காரணங்களை அமீர் அலி போன்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் பார்ப்பது அதற்குள் இருக்கும் ஒரு சின்ன மாற்றத்தை. தவளக்காரர் கிராமத்துப் பாக்கை வாங்கினார், உப்பை விற்றார். சந்திக் கடைக்காரர் விற்க மட்டுமே செய்தார். கிராமத்தவரின் விளைச்சல் வேறு ஆள்களிடம் போனது. முன்பு இரண்டு கயிறு கட்டியிருந்த உறவில் ஒரு கயிறு மட்டுமே மிஞ்சியது, அதுவும் விலை என்ற கயிறு. புயல் வந்தால் ஒற்றைக் கயிறு தாங்காது.

குருமண்வெளித் துறையில்

இரட்டைக் கயிற்று வியாபாரம் 1915க்குப் பிறகும் கிழக்கில் உயிரோடு இருந்தது. என் வாப்பா பொட்டணி வியாபாரி. மருதமுனைத் தறியில் நெய்த சாரனும் சேலையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, குருமண்வெளித் துறையில் தோணி ஏறி, வாவியைக் கடந்து மண்டூருக்குப் போவார். அங்கிருந்து படுவான்கரைத் தமிழ்க் கிராமங்களுக்கு நடை. புடவை கொடுத்துவிட்டு வருவார், காசு கேட்கமாட்டார். வெள்ளாமை வெட்டியதும் போய் மரைக்கால் கணக்கில் நெல்லெடுப்பார். தயிரும் தேனும் சேர்ந்து வரும். எங்கள் வீட்டில் கலியாணம் என்றால் அங்கிருந்து ஆள் வரும். அங்கே மரணம் என்றால் வாப்பா போவார்.

வாப்பாவிடம் ஒரு கொப்பி இருந்தது. அதில் ஆட்களின் பெயர் குறைவு. "பெரிய வேம்படி வீடு", "கொல்லன் மருமகள்", "சின்னத் தங்கச்சிர உம்மா" என்றுதான் இருக்கும். சின்னத் தங்கச்சி ஒரு தமிழ்ப் பிள்ளை. அவளின் தாயையும் வாப்பா 'உம்மா' என்றே எழுதியிருந்தார். ஒருமுறை நான் கேட்டேன், இவ்வளவு கடனைக் கொடுத்துவிட்டு எப்படி வாப்பா நித்திரை வருகிறது என்று. "விலயக் கேட்டு வாறவன் விலயக் கேட்டுப் போவான் மகன். கடன் வச்சவன் எங்க போனாலும் எனக்கிட்டத்தான் வருவான்" என்றார்.

1990 அந்தப் பாதையை மூடியது. காத்தான்குடியும் ஏறாவூரும் கண்ட அந்த ஓகஸ்ட்டுக்குப் பிறகு எங்கள் ஆட்கள் வாவியைக் கடக்கவில்லை. அந்தப் பக்கத்து மக்களும் எத்தனையோ இழப்போடு முடங்கினார்கள். வடக்கில் அதே வருட ஒக்டோபரில் முஸ்லிம்கள் முழுதாகவே வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் சாமானை மட்டுமல்ல, தலைமுறையாகச் சேர்த்த வாடிக்கையையும் விட்டுவிட்டுப் புத்தளத்துக்கு வந்தார்கள். சாமான் இழப்பைக் கணக்கிடலாம். வாடிக்கை இழப்புக்கு நட்டஈட்டுப் படிவத்தில் கூடு இல்லை.

வாப்பாவின் கொப்பியில் 1990இல் வரவேண்டிய நெல் அப்படியே நின்றது. 2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு பாதை திறந்தபோது, படுவான்கரையிலிருந்து இரண்டு குடும்பத்தார் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பழைய கணக்கென்று காசு நீட்டினார். வாப்பா வாங்கவில்லை, சோறு போட்டார். மற்ற ஆட்கள் வரவில்லை. பலர் உயிரோடு இருந்தார்களோ தெரியாது. பன்னிரண்டு வருடம் ஒரு விளம்பரமும் இல்லாமல் ஒரு வியாபாரியின் பெயர் அந்தப் பக்கத்தில் உயிரோடு இருந்தது என்பதை மட்டும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

தறி நின்ற கதை

வாப்பா புடவை எடுத்த மருதமுனைக்கு வருவோம். எழுபதுகளில் அந்த ஊர்த் தெருவால் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். 1970 தொடக்கம் 1977 வரை இருந்த அரசாங்கம் புடவை இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியது. நூல் கூட்டுறவுச் சங்கம் மூலம் கிடைத்தது. நெய்ததெல்லாம் விலைப்பட்டது. வாங்குகிறவரைத் தேட வேண்டிய தேவையே நெசவாளருக்கு இருக்கவில்லை.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணி மலிவாகக் குவிந்தது. நாடு முழுவதும் கைத்தறிகள் நின்றன, மருதமுனையிலும் நின்றன. தாக்குப்பிடிக்க முயன்றவர்களில் அநேகர் செய்தது ஒன்றே: விலையைக் குறைத்தார்கள். விசைத்தறித் துணியோடு கைத்தறி விலையில் மல்லுக்கு நின்றால் என்னவாகும்? நூலைக் குறைத்தார்கள், சாயத்தைக் குறைத்தார்கள், கடைசியில் பழைய வாடிக்கையும் "முந்தின சாரன் போல இல்ல" என்று போய்விட்டது.

அதே காலத்தில் அதே கைத்தறியை வைத்துக்கொண்டு கொழும்பில் இன்னொருவர் வேறுவழியில் போனார். ஓவியர் பாபரா சன்சோனி அறுபதுகளில் கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையங்களுக்கு வடிவமைத்துக் கொடுக்கத் தொடங்கி, 'பெயார்ஃபுட்' என்ற நிறுவனத்தை வளர்த்தார். விசைத்தறி தரமுடியாத நிறச் சேர்க்கையைக் கைத்தறியில் தந்தார். மலிவுத்துணி வாங்குகிறவரை விட்டுவிட்டு, நிறத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கக்கூடியவரைத் தெரிந்தெடுத்தார். துணியோடு அது எங்கே, எந்தக் கையால் நெய்யப்பட்டது என்ற கதையும் விலைப்பட்டது. 1977க்குப் பிறகும் அந்தக் கடை நின்றது. அவருக்குக் கொழும்பின் வசதியும் தொடர்பும் இருந்தன, மருதமுனை நெசவாளிக்கு யுத்தமும் சோதனைச் சாவடியும் இருந்தன என்பதை மறந்து ஒப்பிடக்கூடாது. ஆனால் 'மருதமுனை' என்ற பெயர் எங்களிடமே இருந்ததல்லவா? மொத்த வியாபாரி கைக்குப் போனதும் அந்தப் பெயரில்லாமலே துணி விற்பட்டது என்று அந்த ஊர் நெசவாளர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வாங்கியவருக்கு இன்னொருமுறை அதே துணி வேண்டுமென்றால் எதைச் சொல்லிக் கேட்பார்? பெயரில்லாத பொருளுக்கு வாடிக்கை பிறக்காது.

2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. பிறகு உதவி நிறுவனங்கள் தறி கொடுத்தன. தறியைக் கொடுக்கலாம், வாங்குகிறவரைக் கொடுக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. இன்று அங்கே நிலைத்திருக்கிற சில நெசவாளர்கள் தங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லியே விற்கிறார்கள். பிந்தியாவது அந்த வழி அகப்பட்டது சந்தோஷம்.

சின்னமும் பெயர்ப்பலகையும்

கடைசியாக, நாம் எல்லோரும் கண்ணால் கண்ட காலம். ஹலால் சின்னம் பொதிகளில் வந்தபோது அதைக் கேட்டுப் பெற்ற நிறுவனங்களில் முஸ்லிம் அல்லாதோருடையவையும் நிறைய. அவர்களுக்கு அது மார்க்க விடயமல்ல. உள்ளூரிலும் வெளிநாட்டிலும் முஸ்லிம் வாடிக்கையைப் பெறும் வழி. 2013 பெப்ரவரியில் மகரகமைக் கூட்டத்தில் அந்தச் சின்னத்துக்கெதிராக முழக்கம் எழுந்தது. மார்ச்சில், உள்ளூர்ப் பொருள்களில் சின்னம் கட்டாயமில்லை என்ற விட்டுக்கொடுப்புக்கு ஜம்இய்யத்துல் உலமா வந்தது. நான் இங்கே பார்ப்பது ஒரு பொதுவான உண்மையை மட்டும்: ஒருவரை நோக்கிப் போடும் விளம்பரத்தை எல்லோரும் வாசிக்கிறார்கள். ஒருவருக்கு 'இது உனக்காக' என்று கேட்கிற சொல், பக்கத்தில் நிற்கிறவருக்கு 'இது உனக்கல்ல' என்று கேட்கக்கூடும். அப்படிக் கேட்கவைக்க ஆள் இருக்கும் நாட்டில் வியாபாரி அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அளுத்கம 2014, திகன 2018 என்று வந்து, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பிறகு முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் பிரசாரம் வெளிப்படையாகவே நடந்தது. அந்த வருடம் விடுமுறையில் மலையகப் பக்கத்தில் உறவினர் வீடுகளுக்குப் போனபோது, சிங்கள மக்கள் மத்தியில் கடை வைத்திருக்கும் சிலரோடு பேசினேன். ஒருவர் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் பொதுப்பெயர் ஒன்று போட்டிருந்தார். "பலகைய மாத்தினன் மாஸ்டர், மொகத்த மாத்தேலாதே" என்று அவரே சொன்னார். பெரிய றோட்டில் மலிவு விற்பனை போட்டு விற்கும் உடுப்புக் கடைக்காரர் ஒருவர், ஆள் திரும்பிவர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது என்றார். மிளகும் கராம்பும் வாங்கி, பலசரக்கும் விற்கிற உள்கிராமத்துக் கடைக்காரரோ, இரண்டு கிழமைக்குள் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்கட மிளகு என்கிட்டத்தானே இருக்கு" என்று சிரித்தார்.

நாலைந்து பேரோடு பேசியதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பில் தவளக்காரரின் உப்பும் பாக்கும் எனக்குத் தெரிந்தன.

பிள்ளைகளுக்கும் ஆய்வாளர்களுக்கும்

சிறு வியாபாரத்தைத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு இந்த வரலாறு நான்கு கேள்விகளைத் தருகிறது. வாங்குகிறவர் திரும்பி வரக்கூடியவரா? வரக்கூடியவரென்றால் முதல் விற்பனையில் இலாபம் குறைந்தாலும் பரவாயில்லை; விளம்பரக் காசில் பாதியை அவருக்கே செலவிடலாம். வரமாட்டார் என்றால், அவர் ஏற்கெனவே யாரை நம்புகிறாரோ அவர் பக்கத்தில் போய் நிற்க முடியுமா? அவருக்கு விற்பதோடு, அவரிடமிருந்து நீ வாங்குவதற்கும் ஏதாவது உண்டா? உன் பொருளுக்கு, அவர் அடுத்தமுறை சொல்லிக் கேட்கக்கூடிய பெயர் இருக்கிறதா? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் விலையைக் குறைப்பதும் விளம்பரத்துக்குக் காசு கட்டுவதும் நொக்ஸின் தொப்பியில்தான் போய் முடியும்.

ஆய்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'வியாபாரச் சமூகம்' என்று எழுதுகிறோம். அந்த வியாபாரத்தின் ஆவணங்களை யாரும் சேர்ப்பதில்லை. மூத்தவர்கள் மௌத்தானதும் கடன்கொப்பிகளை எரித்துவிடுகிறோம். கடன் மன்னிக்கப்பட்டது என்பதற்காகச் சிலர் எரிக்கிறார்கள். அந்த எண்ணம் நல்லது. மன்னிப்பதாகக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினாலும் கடன் மன்னிக்கப்பட்டுவிடும். பழைய பில் புத்தகம், பெயர்ப்பலகை, துணி சுற்றிவந்த கடதாசி, அளந்த மரைக்கால் எல்லாமே எங்கள் வரலாற்று ஏடுகள். யார் யாரிடம் வாங்கினார்கள், எந்த மதத்தவர் எவரின் வீட்டில் கடன் வைத்தார்கள், எந்த வருடம் கணக்கு நின்றுபோனது என்பதற்கு அரசாங்கச் சுவடிக்கூடத்தில் சாட்சி இல்லை. அந்தக் கொப்பிகளில் இருக்கிறது. "இந்த நாட்டில் நீங்கள் எல்லோரும் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தீர்கள்" என்று நாளைக்கு யாராவது கேட்டால் எடுத்துக்காட்ட எங்களிடம் வேறு எழுத்து அதிகம் கிடையாது. வீட்டுப் பெட்டகங்களைத் திறந்து பாருங்கள். கறையான் அரிக்கமுதல் படமாவது எடுத்துவையுங்கள்.